ஏட்டில் ஏறிய எண்ணும் வீட்டில் இருக்கும் நோயாளியும்

அஸ்தினாபுரத்தில் வாழும் யான் நாள்தோறும் குரோம்பேட்டையில் மின்சார வண்டி ஏறித் தாம்பரத்தில் இறங்கிக் கல்லூரி சேர்பவன். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நிலையமே உளது. அதன் பெயர் தாம்பரம் சானடோரியம். அப்பெயரின் பொருள் யாதென உடன்வரும் தோழர் சிலரை வினவியதுண்டு. ஏற்றுமதித் தொழிற்பேட்டைக்குச் செல்வோர் இறங்கும் இடம் என்றார் ஒருவர். யாரோ ஒரு துரையின் பெயராக இருக்கலாம் என்றார் மற்றொருவர். காசநோயாளர் நெடுநாள் தங்கித் தூய காற்றும் ஓய்வும் நல்லுணவும் பெறுதற்கென அமைத்த நிலையத்திற்கே அப்பெயர் வழங்கும். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்னும் பெரியார் அத்தகைய நிலையம் ஒன்றனை இங்கு நிறுவினார். 1937-இல் சென்னை அரசாங்கத்தார் அதனைத் தம் பொறுப்பில் ஏற்றனர். நம் கல்லூரி பட்டினத்து நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டிற்குக் குடிபுகுந்ததும் அதே ஆண்டில்தான்.

அக்காலத்தில் ஒரு சானடோரியம் சிறந்ததா அன்றா என்பதனை எவ்வாறு அளந்திருப்பர்? கட்டில் எத்தனை, காற்றோட்டம் எத்தகையது, நோயாளர் எத்தனை திங்கள் தங்கினர் என்பனவே கண்ணுக்குப் புலனாவன. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தோன்றிற்று. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாய் விளங்குவது அதுவே. அந்நிலையத்தார் ஏழை நோயாளரை இரு கூறாக்கி, ஒரு சாராரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு சாராரை அவர்தம் நெருக்கடியான வீடுகளிலேயே விட்டும், இரு சாரார்க்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்து வந்தனர். வீட்டில் இருந்தோர்க்கு உணவு குறைவு, உழைப்போ மிகுதி. அங்ஙனமிருந்தும் ஆண்டிறுதியில் சளியைச் சோதித்து நோக்கியவிடத்து, இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றிருந்தமை தெரியவந்தது. 1959-இல் இம்முடிவு வெளியாகவே உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கு மாறிற்று. அவ்வாய்வில் ஒரு சிறு செயல் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. மாத்திரை கொடுத்தோம் என்னும் கணக்கோடு அவர்கள் அமைந்திலர். நோயாளி அதனை உட்கொண்டாரா என்று அறியச் சிறுநீரையும் சோதித்தனர். கொடுத்தது வேறு, கொண்டது வேறு என்பதனை அவர்கள் அறிந்திருந்தனர்.

நிற்க. இப்பழங்கதையை ஈண்டு எடுத்துரைத்தது எற்றிற்கெனின், இற்றை நாளில் நம் நாட்டு மருத்துவம் கட்டிலையும் கட்டடத்தையும் விட்டுக் கைப்பேசிக்கும் கணினிக்கும் பெயர்ந்து வருகின்றது. அதனை அளக்கும் முறையோ கட்டிலை எண்ணிய பழைய முறையாகவே இருக்கின்றது. இதுவே என் வழக்கு.

உலக நலவாழ்வுப் பேரவை 2018-இல் டிஜிட்டல் மருத்துவம் குறித்து நிறைவேற்றிய தீர்மானத்தை முன்னின்று கொணர்ந்த நாடு இந்தியா. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடு முழுமைக்கும் தொடங்கப்பெற்றது. அதன்வழி ஒவ்வொருவர்க்கும் பதினான்கு இலக்கம் கொண்ட 'ஆபா' எண் ஒன்று வழங்கப்படுகின்றது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வெண் பெற்றோர் தொகை எழுபது கோடியைக் கடந்தது. 2019-இல் தோன்றிய 'இ-சஞ்சீவனி' என்னும் தொலைமருத்துவப் பணி 2023 பிப்ரவரியில் பத்துக் கோடி ஆலோசனைகளை எட்டியது. கொரோனாக் கொள்ளைநோய் பரவிய 2020-இல், வீட்டை விட்டு வெளிச்செல்ல இயலாத மக்களுக்கு இப்பணி பேருதவி செய்தது; அவ்வாண்டில் இதனை மிகுதியாய்ப் பயன்படுத்திய மாநிலங்களுள் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. இவற்றைப் பழித்தல் என் கருத்தன்று. பத்துக் கோடி என்பது பெரிய எண்தான். ஆயினும், அப்பத்துக் கோடியுள் எத்தனை பேர்க்கு நோய் தணிந்தது என்பதற்கு அவ்வெண்ணில் விடையில்லை.

அளவை நான்கு வகைப்படும் என நம் இலக்கண ஆசிரியர் கூறுவர்: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். நெல்லை எண்ணுவார் இலர். பொன்னை முகப்பாரும் இலர். பொருளுக்கேற்ற அளவையைக் கொள்ளாதவன் வாணிகத்தில் நட்டமடைவான். மருத்துவப்பணி என்னும் பொருளுக்கு எண்ணல் ஒன்றே அளவையாகுமோ?

இதனை யான் நூலில் மட்டும் கற்றிலேன். எங்கள் பாட்டியார்க்கு இரத்த அழுத்தம் உண்டு. சென்ற ஆண்டு அவர்க்குப் புதிய மாத்திரை ஒன்று கொடுத்தனர். சில வாரங்களில் இரு பாதங்களும் வீங்கின. இம்மாத்திரை வகையால் சிலர்க்குக் கால் வீங்குதல் உண்டென மருத்துவர் அறிவர். பாட்டியார் எங்ஙனம் அறிவார்? தொலைமருத்துவப் பணி ஒன்றன் வாயிலாக மருத்துவரைக் காணச்செய்தேன். இப்பணியை நடத்துவோர் அரசினரும் தனியாருமாகப் பலர் உளர். இஃது எவருடையது என்பதனை ஈண்டுச் சொல்லப்போவதில்லை. திரையில் மருத்துவரின் முகம் தோன்றிற்று, குரல் தோன்றவில்லை. இருமுறை இணைப்பு அறுந்தது. மூன்றாம் முறை அவர் ஏதோ தட்டச்சு செய்தார்; பழைய மாத்திரையே தொடர்க என்னும் மருந்துச்சீட்டு வந்தது. கால் வீக்கத்தைப் பற்றிப் பாட்டியார் வாய்திறக்கு முன்னரே, தங்கள் ஆலோசனை நிறைவுற்றது என்று குறுஞ்செய்தி வந்து விட்டது. பாட்டியார் அம்மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினார், எங்களிடமும் சொல்லவில்லை. அப்பணியின் கணக்கில் அன்று ஒன்று கூடியிருக்கும். பாட்டியாரின் உடலிலோ அழுத்தம் கூடிக்கொண்டிருந்தது.

அதனைக் கண்டுபிடித்தவர் யாவர்? மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ் வீடுதோறும் வரும் தன்னார்வலப் பெண்மணி ஒருவர். அவர் திண்ணையில் அமர்ந்து கையில் பட்டையைக் கட்டி அழுத்தத்தை அளந்தார். எண்ணைக் கண்டு புருவத்தை நெரித்தார். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, மீதியிருந்த மாத்திரைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். 1956-இல் சென்னை ஆய்வாளர் செய்த செயலை அஸ்தினாபுரத்தில் அவ்வம்மையார் தாமறியாமலே செய்தனர் என்று எனக்குத் தோன்றிற்று.

ஆகவே, அளக்க வேண்டுவது யாது என்னும் வினாவிற்கு வருவோம். நாடு முழுமைக்கும் பொதுவான அளவுகோல்கள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவை எத்தகையன என்பதிலேதான் வேறுபாடு. 2023 ஜனவரி முதல் நடைபெறத் தொடங்கிய ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றனை நோக்குக. மருத்துவமனைகள் குறித்த வரம்பிற்கு மேல் இணைக்கும் ஒவ்வொரு டிஜிட்டல் பதிவிற்கும் இருபது ரூபாய் பெறலாம் என அது வகுத்தது. மொத்தம் நான்கு கோடி ரூபாய் வரை இவ்வூக்கம் கிட்டும் எனவும் கூறிற்று. தொடக்கத்தில் மருத்துவமனைகளை இவ்வழியிற் பழக்குதற்கு இஃது உதவியிருக்கலாம். எனினும் பதிவிற்கு விலை வைப்பின் பதிவு பெருகும், அவ்வளவே. ஓர் அளவுகோலையே இலக்காக்கிய அளவில் அது நல்ல அளவுகோலாக நில்லாது என்னும் கருத்தை 1975-இல் கூறிய பொருளியலறிஞர் குட்ஹார்ட்டு ஆங்கிலேயர். தேர்வு மதிப்பெண்ணுக்கென்றே உரைநூலை நெட்டுருச் செய்யும் நம்மனோர்க்கு இதனைக் கற்பிக்க ஆங்கிலேயர் வரவேண்டுவதில்லை!

நல்ல அளவுகோலுக்கு எடுத்துக்காட்டு வெளிநாட்டில் தேடற்பாலதன்று. இந்தச் சானடோரியத்தின் நோயாகிய காசநோயிலேயே உளது. காசநோய்ப் பதிவேட்டின் முறை ஏனைய பதிவேடுகளினும் வேறானது. அதில் பெயர் ஏறிய ஒவ்வொருவரும் இறுதியில் ஏதேனும் ஒரு பத்தியில் வந்து நின்றே தீரவேண்டும்: குணமடைந்தார், மருத்துவம் முடித்தார், மருந்து பலியாதொழிந்தது, இறந்தார், இடையில் விட்டுப் போயினார். எங்கும் நில்லாதவர் ஒருவர் இருப்பின் கணக்கு முடிந்ததாகாது. 2012-இல் தோன்றிய 'நிக்ஷய்' என்னும் இணையப் பதிவேடு இம்முறையையே கணினிக்கு ஏற்றியது. அதற்கு மேலும் ஒரு படி உண்டு: ஓராண்டில் நாட்டில் எத்தனை பேர்க்குக் காசம் வந்திருக்கும் என்று மதிப்பிட்டு, பதிவேட்டில் ஏறியவர் தொகையை அதனினின்று கழித்து, நம் கண்ணுக்குத் தப்பியவர் எத்தனை பேர் என்றும் கூறுவர்.

நூறு ஆடுகளையுடைய மேய்ப்பனின் உவமையை ஞாயிறு பள்ளியில் நாம் கேட்டு வளர்ந்தோம். போதகர் அதனை அன்பிற்கு உவமையாக விரிப்பர்; அஃது உண்மையே. யான் அதனைக் கணக்கிற்கும் உவமையாகக் கொள்வேன். ஒன்று காணாமற் போயிற்றென்பதனை அவன் எவ்வாறு அறிந்தான்? தொண்ணூற்றொன்பதை எண்ணியதனால் அன்று; நூறு இருத்தல் வேண்டும் என்பதனை முன்னரே அறிந்திருந்ததனால். தொழுவத்துள் உள்ளவற்றை மட்டும் எண்ணுபவன் என்றும் மகிழ்ந்திருப்பான்.

காசநோய் இறப்பில்லாத் திட்டம் என ஒன்று 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றது. நோய் கண்டறிந்தவுடனே ஐந்து செய்திகளைச் செவிலியர் அளக்கின்றனர்: உயரத்திற்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், குருதியில் உயிர்வளியின் அளவு, பிறர் துணையின்றி எழுந்து நிற்க இயலுமா என்பது. இவற்றுள் குறை காணப்படின் அந்நோயாளியைக் கடுநோயாளராகக் கொண்டு விரைவில் மருத்துவமனையிற் சேர்க்க முயல்வர். கண்டறிந்த நாளுக்கும் சேர்த்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தன என்பது இணையச் செயலியில் நோக்கப்படுகின்றது. எழுந்து நிற்க இயலுமா என்னும் வினாவிற்குப் பெரிய கருவி வேண்டுமோ? ஆயினும் ஓருயிரின் நிலையை அது காட்டுகின்றது. கணினி ஈண்டு அவ்வினாவிற்கு ஏவலாளாய் நிற்கின்றது; தலைவனாய் நிற்கவில்லை.

இரத்த அழுத்தத்திற்கும் இவ்வாறே கூறலாம். 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' என்னும் ஆய்வு, உயர் இரத்த அழுத்தம் உடையாருள் நூற்றுக்கு 7.3 பேர்க்கே அது கட்டுப்பட்டிருந்தது என்றும், நீரிழிவு உடையாருள் 10.8 பேர்க்கே கட்டுப்பட்டிருந்தது என்றும் கண்டது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிற்று. 2022 டிசம்பரில் ஒரு கோடிப் பேர் பயன்பெற்றனர் என அறிவிக்கப்பட்டது. 2023-24-இல் நடந்த இரண்டாம் ஆய்வில் கட்டுப்பாடு இருநோயினும் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினேழாயிற்று. ஒரு கோடி என்னும் எண் விழாப் பந்தலுக்கு உரியது. ஏழு பதினேழானது என்பதோ இத்திட்டத்தின் உண்மையான பெருமையையும், எண்பத்து மூவர் இன்னும் எஞ்சியிருக்கின்றனர் என்னும் குறையையும் ஒருங்கே உரைப்பது. எனக்கு இச்சிறிய எண்ணே பெரிதாகத் தோன்றுகின்றது.

இவ்விடத்து நுணுகி நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. 2017-இன் தேசிய நலவாழ்வுக் கொள்கை, அழுத்தமும் நீரிழிவும் உடையாருள் நூற்றுக்கு எண்பதின்மர்க்கு 2025-க்குள் நோய் கட்டுப்படல் வேண்டும் என இலக்குக் குறித்தது. மிக நல்ல இலக்கு. ஆனால் அது 'அறியப்பட்ட' நோயாளரை நோக்கியே கூறிற்று. ஒருமுறையேனும் சோதித்துக் கொள்ளாதவர் அந்த நூற்றில் இடம்பெறார். வீடு வீடாகச் சென்று அளந்த ஆய்வோ, தமக்கு நோயுண்டென்று அறியாதாரையும் சேர்த்தே நூறு என்றது. அடைமொழி ஒன்றனால் எத்தனை பேர் மறைகின்றனர் என்பதனைத் தமிழ் மாணாக்கன் கவனியாது யாவர் கவனிப்பார்?

டிஜிட்டல் பணிகளில் இவ்வாறு மறைவோர் மிகப் பலர். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆடவர் நூற்றுக்கு 57. பெண்டிர் 33 பேரே. கைப்பேசியின் வழியாகவே வரும் பணியைக் கைப்பேசியின் வழியாகவே அளந்தால், எஞ்சிய பெண்டிரைப் பற்றி அவ்வளவுகோல் என்றும் வாய்திறவாது.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு கூறாக்கினார். தேசிய அளவுகோல் வகுப்பார் பல நூறு குறிப்புகளை அடுக்காமல் இந்நான்கினையே பற்றிக்கொள்ளலாம் என்பது என் துணிபு. நோயாளிக்கு நோய் தணிந்ததா. அவள் கைப்பேசி இல்லாதவளாயினும் தணிந்ததா? மருத்துவர் நோயாளியைக் காணுங்கால், முன்னர்ப் பதிந்த குறிப்பு அவர் கண்முன் விரிந்ததா? கோடிக்கணக்கான பதிவுகள் இணைக்கப்பட்டன என்கிறோம். அவற்றுள் இன்னொரு மருத்துவர் பின்னர்த் திறந்து படித்தவை எத்தனை என்று கேட்போமாக. திறவாத கடிதத்தைச் செய்தி என்பரோ? இனி, சீட்டில் எழுதிய மருந்து அன்றே மருந்தகத்தில் கிடைத்ததா என்பது மூன்றாவது.

நான்காவதனைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அஃது எவரும் அளவாதது. உடனிருந்து உதவுவோர் இன்று கிராம சுகாதாரச் செவிலியரும் தன்னார்வலரும் ஆவர். கருவுற்ற தாய்மாரின் செய்தி, குழந்தைக்குத் தடுப்பூசி இட்ட நாள், அழுத்தத்தின் எண் ஆகிய அனைத்தையும் இவர்கள் ஏட்டிலும் எழுதிக் கணினியிலும் பதியவேண்டியிருக்கின்றது. ஒவ்வொரு புதிய திட்டமும் ஒரு புதிய செயலியோடு வருகின்றது. செவிலியரின் ஒருநாளில் எத்தனை நாழிகை நோயாளியோடு கழிந்தது, எத்தனை நாழிகை திரையோடு கழிந்தது என்பதனையும் தேசிய அளவுகோல்களுள் ஒன்றாக வைத்தால், ஏனைய அளவுகோல்கள் தாமாகவே குறையும். அளவுகோல் கூடக்கூட அவர் உழைப்பு கூடுமே என்று கேட்பார்க்கு இதுவே என் விடை.

மற்றொரு தடை உண்டு: பணி செய்பவரே தம் பணியை அளந்தால் அதனை எவர் நம்புவர்? இதற்கும் நம் நாட்டிலேயே வழியுண்டு. பிறப்பு இறப்புக்களை மதிப்பிடும் மாதிரிப் பதிவு முறை என்பது ஐம்பதாண்டுகட்கு மேலாக நடைபெற்று வருவது. அதில் உள்ளூர்க் கணக்கர் ஒருவர் ஆண்டு முழுதும் எழுதி வருவார். அரையாண்டுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியே வந்து அதே வீடுகளில் புதிதாய்க் கணக்கெடுப்பார். பின்னர் இரண்டனையும் பொருத்தி, பொருந்தாதவற்றை வீட்டிற்கே சென்று விசாரிப்பர். டிஜிட்டல் பணிக்கும் இதனைச் செய்யலாகாதோ? மாவட்டந்தோறும் 'நிறைவுற்றது' என்று பதிந்த ஆலோசனைகளுள் சில நூற்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அவ்வீடுகட்கு ஓர் ஆளை அனுப்பி, குரல் கேட்டதா, மருந்து கிடைத்ததா, நலம் பிறந்ததா என்று வினவலாம். செங்கற்பட்டு மாவட்டத்தில் இதனைச் செய்வதற்கு ஆகும் செலவு ஒரு விழாவின் செலவினும் மிகாது.

மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிடுதல் பற்றிச் சிலர்க்கு அச்சம் உண்டு. நிதி ஆயோக் 2018-இல் வெளியிட்ட நலவாழ்வு வரிசையில் பெரிய மாநிலங்களுள் கேரளம் முதலாவதாகவும் தமிழ்நாடு மூன்றாவதாகவும் நின்றன. ஆயினும், தன் பழைய நிலையினின்று எம்மாநிலம் மிக முன்னேறியது என்பதற்குத் தனி வரிசை ஒன்றும் அதில் இருந்தது. அங்கு ஜார்கண்ட் முதலிடம் பெற்றது. இம்முறை நியாயமானது. ஒப்பிடுமுன் சொற்கு ஒரே பொருள் வேண்டும் என்பதும் மறக்கற்பாலதன்று. டென்மார்க்கு, பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் என்னும் ஐந்து வட நாடுகள் 2012-இல் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்து, இன்ன வசதி இருக்கின்றது என்பதும் அதனை மக்கள் பயன்படுத்துகின்றனர் என்பதும் வெவ்வேறென வரையறுத்து, பொதுச் சொற்களை வகுத்த பின்னரே தம்முள் ஒப்பிடத் தொடங்கின. இணைப்பு உண்டான அளவில் ஆலோசனை என்று ஒரு மாநிலமும், மருந்துச்சீட்டு வந்த பின்னரே ஆலோசனை என்று மற்றொரு மாநிலமும் கொள்ளுமாயின், இரண்டன் எண்களையும் ஒரே பலகையில் எழுதி யாது பயன்?

பாட்டியார்க்கு இப்போது மருந்து மாற்றப்பட்டது. நேரிற் சென்று கண்ட மருத்துவர் பாதத்தைத் தொட்டு நோக்கிய மாத்திரத்தே காரணத்தைக் கூறினார். வீக்கம் வற்றிற்று. அழுத்தமும் சென்ற திங்களில் அம்மையார் வந்து அளந்தபோது 136 காட்டிற்று. ஆனால் அந்தப் பழைய குறுஞ்செய்தி இன்னும் கைப்பேசியில் இருக்கின்றது. அழிக்க விடமாட்டேன் என்கிறார். அன்று தமக்கு நடவாத ஆலோசனையை அவர்கள் கணக்கினின்று கழித்துவிடும்படி யாரிடம் சொல்வது என்று அவ்வப்போது என்னைக் கேட்கிறார். யான் தேடிப் பார்த்தேன். அச்செயலியில் அதற்கு ஒரு பொத்தான் இல்லை.